தலைக்கு மேல் வேலை செய்பவர்களுக்கு எக்ஸோஸ்கெலட்டன்: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

கான்கிரீட் கூரையில் ஆங்கருக்கு (பொருள்களைத் தொங்கவிடப் பதிக்கும் போல்ட்) துளை போடுபவர், ஃபால்ஸ் சீலிங் பலகையைத் திருகுபவர், கேபிள் டிரே மாட்டும் எலக்ட்ரீஷியன், ஸ்பிரிங்க்ளர் குழாய் இணைப்பவர், கூரைக்குப் பட்டி பார்த்துத் தேய்ப்பவர் என்று பலரும் நாளின் பெரும்பகுதியை அண்ணாந்தபடி, கையைத் தோளுக்கு மேலே வைத்தபடி கழிக்கிறார்கள். முதலில் களைப்பு, பிறகு இரவில் அந்தப் பக்கமாகப் படுக்க முடியாத வலி, அதன் பிறகு சட்டை மாட்டக்கூடக் கை தூக்க முடியாத நிலை. தோள் கெடும்போது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் கெடுகிறது.

இந்தச் சுமையில் ஒரு பகுதியைத் தாங்குவதற்காக உடலில் அணியும் சட்டகம்தான் தோளுக்கான எக்ஸோஸ்கெலட்டன். இதை முதன்முறையாக அணியப்போகும் தொழிலாளிக்கும், தளத்தில் அறிமுகப்படுத்த நினைக்கும் மேற்பார்வையாளருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவி கையைத் தாங்கும், வேலையைத் தாங்காது. அண்ணாந்து செய்யும் வேலையைக் குறைக்கும் எல்லா வழிகளையும் பார்த்த பிறகு மிஞ்சும் வேலைக்குத்தான் இது.

தோளுக்கு என்ன நேர்கிறது

தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரு கையின் எடை, உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கையே 3.5 கிலோ. கையை முன்புறம் நேராக நீட்டினால் அதன் எடைமையம் தோளிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி விழும். எதையும் பிடிக்காமல் வெறுங்கையை அப்படி வைத்திருக்கவே தோள் தசை ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அதோடு 3 கிலோ டிரில் மெஷினைத் தோளிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் இரு கைகளாலும் பிடித்தால், ஒவ்வொரு தோளுக்கும் இன்னும் 7 நியூட்டன் மீட்டர் கூடும்.

கை தோள் மட்டத்தில் இருக்கும்போது இந்தச் சுமை உச்சத்தில் இருக்கும். கையைச் செங்குத்தாக மேலே தூக்கினால் கணக்குப்படி சுமை குறையும். ஆனால் அப்போது வேறு தொல்லைகள் தொடங்குகின்றன. கை உயர உயர, தோள் மூட்டின் மேல்புறமாக ஓடும் தசைநார், கை எலும்பின் தலைக்கும் அதற்கு மேலுள்ள எலும்பு முகட்டுக்கும் இடையே நெருக்கப்படுகிறது. இறுகியே இருக்கும் தசைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் குறைகிறது. கழுத்து பின்னால் மடிந்தே இருக்கிறது. துளை போடும்போது மேல்நோக்கித் தள்ளும் விசையும் சேர்ந்துகொள்கிறது.

வேலை எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உருவான பணியிடச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று எளிய அளவுகோல் தருகிறது. கை தலைக்கு மேலோ முழங்கை தோளுக்கு மேலோ இருக்கும்படி ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் எச்சரிக்கை நிலை, 4 மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து நிலை. இதைக் கணக்கிட ஒரு கைக்கடிகாரம் போதும். தொடங்கும் முன் ஒரு முழு ஷிஃப்டுக்கு இந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

கருவி என்ன செய்கிறது

இடுப்பில் ஒரு பெல்ட், முதுகில் ஒரு சட்டம், தோளருகே சுழலும் மூட்டு, மேற்கையைத் தாங்கும் பட்டை ஆகியவைதான் இதன் அடிப்படை உறுப்புகள். சட்டத்துக்குள் ஸ்பிரிங், கேஸ் ஸ்பிரிங் (அழுத்திய வாயு அடைத்த குழாய்) அல்லது நீளும் ரப்பர் பட்டை இருக்கும். கையைக் கீழே இறக்கும்போது அது இழுபட்டு ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளும், கையைத் தூக்கும்போது திருப்பித் தரும். தோள் மட்டத்தை ஒட்டித் தாங்கல் அதிகமாகவும், கை தொங்கும்போது மிகக் குறைவாகவும் இருக்கும்படி வடிவமைத்திருப்பார்கள். மோட்டார், பேட்டரி எதுவும் கிடையாது. கட்டுமானத் தளங்களில் தோளுக்கென்று பயன்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

பேட்டரியில் இயங்குவதும் உண்டு. ஃபெஸ்டூல் நிறுவனத்தின் எக்ஸோஆக்டிவ், அழுத்தக் காற்றைக் கொண்டு கையைத் தாங்குகிறது. இவ்வகையில் தாங்கல் அளவை வேலைக்கேற்ப உடனே மாற்றலாம், தேவையில்லாதபோது நிறுத்தலாம். அதற்கு ஈடாக எடை கூடும், சார்ஜ் போட வேண்டும், பழுது பார்க்க வேண்டிய உறுப்புகளும் அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் மோட்டார் இல்லாத வகையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. என்ன நடக்கிறது என்பது உடம்புக்கு நேரடியாகப் புரியும்.

எந்த வகையானாலும் சுமை மறைந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. தோளில் இருந்தது முதுகுச் சட்டம் வழியாக இடுப்பெலும்புக்கு இறங்குகிறது. கருவியின் சொந்த எடையும் அதோடு சேரும். ஹில்டி நிறுவனம் ஆட்டோபாக் நிறுவனத்தோடு சேர்ந்து 2020இல் கட்டுமானத்துக்கென வெளியிட்ட எக்ஸோ-ஓ1 சுமார் 2 கிலோ. 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் உருவாக்கிய ஹார்டிமன் என்ற முழு உடல் சட்டகம் 680 கிலோ எடையில் நின்றுபோனது. அங்கிருந்து இங்கு வந்ததற்குக் காரணம், உடம்பு முழுவதற்கும் பலம் கூட்டும் ஆசையை விட்டு, ஒரு மூட்டுக்கு ஒரு வேலையில் மட்டும் கைகொடுத்தால் போதும் என்று இலக்கைச் சுருக்கிக்கொண்டதுதான்.

பலன் எவ்வளவு? ஆய்வகச் சோதனைகளில், கையைத் தூக்கி வைத்திருக்கும்போது தோளின் முன்பக்கத் தசையின் செயல்பாடு தெளிவாகக் குறைகிறது. கருவி, கையின் கோணம், வேலை ஆகியவற்றைப் பொறுத்து இந்தக் குறைவு சிறியதாகவும் இருக்கும், பாதியளவு வரையும் போகும். ஆனால் பல ஆண்டுகள் அணிந்தால் தோள் காயங்களே குறைந்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு நீண்டகாலச் சான்று இன்னும் சேரவில்லை. விற்பனையாளர் எவராவது அப்படி உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். களைப்பு குறையும், வலி தள்ளிப்போகும் என்ற அளவில் எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வேலையையே குறைக்க முடியுமா என்று பாருங்கள்

இதைத் தாண்டிக் குதித்து நேராகக் கருவி வாங்கப் போகிறவர்கள் அதிகம். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

கூரையில் நூற்றுக்கணக்கான துளைகள் போட வேண்டியிருக்கிறதா? கான்கிரீட் கொட்டும் முன்பே ஷட்டரிங் பலகையில் இன்செர்ட்டுகளை (பின்னால் போல்ட் திருகுவதற்கான கூடுகள்) பதித்துவிட்டால் பின்னால் துளையே வேண்டாம். இது வரைபட நிலையிலேயே முடிவாக வேண்டியது, ஆகவே பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி. தாமதமாகிவிட்டதென்றால், டிரில்லைத் தாங்குகோலில் பொருத்தி, நின்றபடியே இடுப்பு உயரத்திலிருந்து கைப்பிடியால் மேலே உயர்த்தித் துளை போடும் தாங்கிகள் இருக்கின்றன. டிரில்லின் எடை, தள்ளும் விசை, அதிர்வு மூன்றையும் அவை உடம்பிலிருந்து விலக்கிவிடும். எக்ஸோஸ்கெலட்டனால் அது முடியாது. பெரிய தளங்களில் ஹில்டியின் ஜெய்பாட் போன்ற துளையிடும் ரோபோக்களும் 2020 முதல் வந்துவிட்டன.

ஜிப்சம் பலகையை இரண்டு பேர் தலையில் முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கிறார்களா? பலகை தூக்கும் லிஃப்ட் வையுங்கள். குழாயையும் டக்டையும் தரையிலேயே இணைத்து முடித்து, ஒரே துண்டாக மேலே ஏற்றுங்கள். பட்டி தேய்க்கவும் பெயின்ட் அடிக்கவும் நீளக் கம்புள்ள கருவிகள் உண்டு. எல்லாவற்றிலும் எளிது, நிற்கும் இடத்தை உயர்த்துவது. சாரத்தின் பலகையைச் சற்று உயர்த்தினாலே முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிவிடும். அதைச் செய்யாமல் மனிதருக்குச் சட்டகம் மாட்டுவது நியாயமில்லை.

இவற்றைச் செய்த பிறகும் அண்ணாந்து செய்ய வேண்டிய வேலை மிஞ்சும். குறுகிய இடைவெளிகள், ஏற்கெனவே குழாய்கள் நெருங்கிய கூரை, தாங்குகோல் நிற்காத படிக்கட்டு போன்றவை. அடுத்த படி அங்கிருந்து தொடங்குகிறது.

இரண்டாம் படி: எந்த வேலைக்கு, யாருக்கு

ஒரே இடத்தில் நின்று, கையைத் தூக்கியபடியே பல நிமிடங்கள் தொடரும் வேலைக்கு இது நன்றாகப் பொருந்தும். வரிசையாகத் துளை போடுதல், சீலிங் பலகை திருகுதல், கூரையைத் தேய்த்தல், கேபிள் கட்டுதல் எல்லாம் இந்த ரகம். கார் ஆலைகள் கட்டுமானத்துக்கு முன்பே இதை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான். ஃபோர்டு நிறுவனம் எக்ஸோவெஸ்ட் என்ற தோள் சட்டகத்தை அறிமுகப்படுத்தியபோது, சில தொழிலாளர்கள் ஒரு நாளில் 4,600 முறை வரை தலைக்கு மேல் கை தூக்குவதாகச் சொன்னது. 2018இல் 7 நாடுகளில் உள்ள தன் 15 ஆலைகளுக்கு அதை விரிவுபடுத்தியது. அங்கே வேலை ஒரே உயரத்தில், ஒரே இடத்தில், ஒரே கருவியோடு நடக்கிறது.

கட்டுமானத் தளம் அப்படியல்ல. துளை போட்டவர் அடுத்த நிமிடம் குனிந்து ஆங்கர் எடுப்பார், ஏணி இறங்குவார், ராட் கட்டைத் தோளில் சுமப்பார். கீழே கை நீட்டும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கை எதிர்த்துக் கையை அழுத்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் மட்டும் அண்ணாந்து, மீதி நேரம் குனிந்து நிமிர்பவருக்கு இது உதவியைவிடத் தொந்தரவுதான். எடுக்க வேண்டிய பொருள்களை இடுப்பு உயரத்தில் வைப்பது, துளைகளையெல்லாம் ஒரே மூச்சாகப் போட்டுவிட்டு ஆங்கர் வேலையைப் பிறகு வைத்துக்கொள்வது போன்ற சின்ன மாற்றங்கள் இந்தக் கணக்கைப் புரட்டிப் போடும்.

தோளில் அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர், தோள் மூட்டு விலகியவர், குடலிறக்கம் உள்ளவர், கர்ப்பிணி, பெல்ட் படும் இடங்களில் புண் உள்ளவர், ஏற்கெனவே கை மரத்துப்போகும் தொந்தரவு உள்ளவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர் பேட்டரி வகையையோ காந்தம் உள்ள வகையையோ தொடும் முன் கட்டாயம் கேட்க வேண்டும். தோள் வலியோடு வருபவரிடம் “இதை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடருங்கள்” என்று சொல்வது கொடுமை. வலிக்கு மருத்துவம் வேண்டும், ஓய்வு வேண்டும்.

மூன்றாம் படி: ஹார்னெஸோடு ஒத்துப்போகிறதா

உயரத்தில் வேலை செய்பவருக்கு இதுவே முதல் கேள்வி. விழுந்தால் ஆளைப் பிடித்து நிறுத்தும் முழு உடல் பட்டைதான் ஹார்னெஸ். அதன் முதுகு வளையம் இரு தோள்பட்டைகளுக்கும் நடுவில் இருக்கும். எக்ஸோஸ்கெலட்டனின் சட்டமும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் ஓடுகிறது. வளையத்தைச் சட்டம் மூடக் கூடாது. அந்த வளையத்தில் கொக்கி மாட்டிய லான்யார்டு (பாதுகாப்புக் கயிறு) சட்டத்தின் எந்தக் கையிலும் சிக்கக் கூடாது. விழுந்தால் ஹார்னெஸ் பட்டை உடம்போடு நேராக இறுக வேண்டும். நடுவே விறைப்பான உறுப்பு இருந்தால் அந்த விசை விலாவிலோ கழுத்திலோ இறங்கிவிடும்.

எதை உள்ளே, எதை வெளியே அணிவது என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஊகம் இங்கே கூடாது. இந்த ஹார்னெஸோடு இந்த எக்ஸோஸ்கெலட்டனைச் சேர்த்து அணியலாம் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தரவில்லை என்றால், விழும் ஆபத்துள்ள இடத்தில் கருவியைக் கழற்றி வையுங்கள். தோள் வலிக்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது. ஹார்னெஸைத் துளைத்தோ வெட்டியோ பொருத்துவது எந்நாளும் கூடாது.

ஹெல்மெட்டையும் போட்டுப் பாருங்கள். அண்ணாந்தால் ஹெல்மெட்டின் பின் விளிம்பு முதுகுச் சட்டத்தில் இடிக்கும் மாடல்கள் உண்டு. இடித்தால் ஹெல்மெட் முன்னால் சரியும், அதைத் தவிர்க்க அவர் கழுத்தை வளைத்துப் பிடிப்பார். சாரத்தின் குறுக்குக் குழாய், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, தொங்கும் கேபிள் ஆகியவற்றில் சிக்குமா என்று அணிந்தபடியே நடந்து பார்க்க வேண்டும். ஏணி ஏறி இறங்கும்போது தாங்கலை நிறுத்திவிடுங்கள். சுழலும் பெரிய இயந்திரங்களுக்கு அருகே போகவே வேண்டாம்.

நான்காம் படி: உடம்புக்குப் பொருத்துதல்

பிடிக்கவில்லை என்று ஒருவர் கழற்றி வைக்கும்போது பெரும்பாலும் குறை பொருத்தியதில்தான் இருக்கும். முதல் முறை இன்னொருவர் உதவியோடு, வேலை அவசரம் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். அன்றாடம் வேலைக்கு அணியும் அதே சட்டை, அதே கருவிப் பெல்ட்டோடு பொருத்த வேண்டும்.

தாங்கலை முழுக்க நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். முதலில் இடுப்புப் பெல்ட். அது வயிற்றில் அல்ல, இரு பக்கமும் கைவைத்தால் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். தோளிலிருந்து இறங்கும் சுமை முழுவதும் இங்கேதான் வந்து சேர்கிறது. தளர்வாக இருந்தால் சட்டம் கீழே வழுக்கி, பாரம் மறுபடி தோள்வாரில் தொங்கும், அணிந்ததற்கே பயனில்லை. கருவிப் பெல்ட் இதற்கு மேலே ஏறி உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து முதுகின் நீளம். கருவியின் சுழல் மூட்டு, பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் தோள் மூட்டின் நேரில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் கையைத் தூக்கும்போது மேற்கைப் பட்டை முழங்கையை நோக்கியோ அக்குளை நோக்கியோ நகர்ந்து தோலை உரசும். கையை மெதுவாக ஐந்தாறு முறை தூக்கி இறக்கும்போது பட்டை இருந்த இடத்திலேயே இருந்தால் நீளம் சரி. தோள்வாரும் மார்புப் பட்டையும் சட்டத்தை ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும்தான், மூச்சு முழுதாக இழுக்க முடிய வேண்டும்.

மேற்கைப் பட்டை அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அமர வேண்டும். கையின் உட்புறமாக நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுவதால் பட்டையின் ஓரம் அங்கே அழுத்தக் கூடாது. இரண்டு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும். விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தால் உடனே நிறுத்துங்கள். அதைப் பொறுத்துக்கொண்டு பழக வேண்டியதில்லை.

இனி அசைந்து பாருங்கள். கையை முன்னால், பக்கவாட்டில், மார்புக்குக் குறுக்கே கொண்டுபோங்கள். குந்துங்கள், திரும்புங்கள், அண்ணாந்து பாருங்கள், பின்பக்கப் பையிலிருந்து ஒன்றை எடுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே சரிசெய்யுங்கள். எல்லாப் பட்டைகளின் அளவையும் ஒரு அட்டையில் எழுதி அந்த நபரின் பெயரோடு வைத்துவிட்டால், மறுநாள் ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். சின்ன உடம்புக்காரருக்கும் பெண் தொழிலாளர்களுக்கும் ஒரே அளவுச் சட்டகம் பொருந்தாமல் போகலாம். மார்புப் பட்டையின் இடம், முதுகின் நீளம் இரண்டையும் அவர்களிடம் கேட்டே மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தாங்கல் அளவு

குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். வழக்கமாகப் பிடிக்கும் கருவியைக் கையில் எடுத்து, வேலை செய்யும் உயரத்துக்குத் தூக்குங்கள். கை அங்கே கிட்டத்தட்டத் தானாக நிற்க வேண்டும், லேசாக முயன்றால் இறங்கவும் வேண்டும். அண்ணாந்த வேலையில் கையை இறக்கப் பலம் போட வேண்டியிருந்தால் தாங்கல் அதிகம். அப்போது தோளின் முன்தசைக்குப் பதில் முதுகுப் பக்கத் தசைகள் களைத்துவிடும். குறி வைத்துத் துளை போடுவதும் தடுமாறும்.

எக்ஸோவெஸ்ட் ஒரு கைக்கு 2 கிலோவுக்குச் சற்று மேலிருந்து 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை தாங்கல் தரும் என்று சொல்லப்பட்டது. எல்லாக் கருவியிலும் இப்படி அகலமான எல்லை இருக்காது என்றாலும் அளவை மாற்றும் வழி இருக்கும். கனமான டிரில்லுக்குப் பின் ஸ்குரூ டிரைவர் எடுத்தால் அளவைக் குறைக்க வேண்டும். வலக்கை கருவி பிடிக்க, இடக்கை பலகையைத் தாங்கினால் இரு பக்கமும் ஒரே அளவு வேண்டியதில்லை.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இழுபட்ட ஸ்பிரிங்கில் ஆற்றல் இருக்கிறது. கையிலிருந்து பட்டையை எடுத்ததும் சட்டத்தின் கை படீரென்று மேலே எகிறி முகத்தில் அடிக்கலாம். தாங்கலைப் பூட்டிவிட்டே பட்டையைக் கழற்றுங்கள். கையேடு சொல்லும் வரிசையில் கழற்றப் பழகிய பிறகு, அவசரத்தில் வேகமாகக் கழற்றுவதையும் பயிற்சி செய்யுங்கள். பக்கத்தில் வேலை செய்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: முதல் வாரங்கள்

உடம்பு புதிய தாங்கலுக்குப் பழகக் கொஞ்ச காலம் எடுக்கும். முதல் நாள் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி போதும். முதல் வாரத்தில் ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டாம் வாரத்தில் அண்ணாந்து செய்யும் வேலை முழுவதற்கும் அணியலாம். அந்த வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சட்டகத்தோடே சாப்பிட உட்காருவது, சுமை தூக்குவது, வண்டி ஓட்டுவது வேண்டாம்.

இந்த நாட்களில் முதுகு அடிப்பகுதி, இடுப்பு, மேற்கைத் தோல் ஆகிய இடங்களைக் கவனியுங்கள். வெயிலில் முதுகுப் பட்டைக்குள் வியர்வை தேங்கும். தண்ணீர் அதிகம் குடிக்கவும் நிழலில் அடிக்கடி இளைப்பாறவும் நேரம் ஒதுக்க வேண்டும்.

கருவி தொடாத சுமைகளையும் மறக்க வேண்டாம். கழுத்தை அது தாங்காது, அண்ணாந்த கழுத்துக்கு இடைவேளை ஒன்றுதான் மருந்து. டிரில்லின் அதிர்வை அது தடுக்காது. துளையில் பிட் சிக்கினால் மெஷின் திருகும் விசையையும் தடுக்காது, ஆகவே பக்கக் கைப்பிடியும் தானாக விலகும் கிளட்ச்சும் உள்ள டிரில்லையே பயன்படுத்துங்கள். கான்கிரீட் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. தூசி உறிஞ்சும் இணைப்பு, கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் முன்போலவே வேண்டும்.

மேற்பார்வையாளருக்கு ஒரு சொல். தோள் களைக்கவில்லை என்பதால் இலக்கைக் கூட்டாதீர்கள். நாற்பது துளைக்குப் பதில் அறுபது கேட்டால், மிச்சமான பலம் முழுவதும் கழுத்திலும் இடுப்பிலும் செலவாகிப்போகும், தோளும் பழைய இடத்துக்கே வந்து சேரும். மிச்சம் அந்தத் தோளுக்குச் சொந்தமானது. இடைவேளையையும் ஆள் மாற்றும் முறையையும் ஒரு நிமிடம்கூடக் குறைக்கக் கூடாது. அணிவதும் அணியாததும் தொழிலாளியின் விருப்பமாக இருக்கட்டும், வேண்டாம் என்பவரை அதற்காகக் குறைத்துப் பேசாதீர்கள்.

ஏழாம் படி: பலன் இருக்கிறதா என்று அளப்பது

விலை உயர்ந்த உணரிகள் தேவையில்லை. போர்க் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 0 என்றால் சிரமமே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத சிரமம். தோள், கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, கை என்று ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்ட் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒரு எண் சொல்லச் சொல்லுங்கள். கருவி இல்லாமல் ஒரு வாரம், கருவியோடு சில வாரங்கள் எடுத்து ஒப்பிடுங்கள். வேலை அதேதானா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தோளின் எண் இறங்கி, கீழ்முதுகின் எண் ஏறினால் பிரச்சினை இடம் மாறியிருக்கிறது என்று பொருள். பெல்ட்டையும் முதுகு நீளத்தையும் திரும்பப் பாருங்கள், தாங்கலைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் அந்த மாடல் அவருக்கு ஆகாது.

முதலிலேயே பத்துக் கருவிகளை வாங்கிவிடாதீர்கள். இரண்டு மாடல்களைச் சில வாரங்களுக்குச் சோதனைக்குக் கேளுங்கள். விருப்பத்தோடு முன்வரும் நான்கைந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள்.

பராமரிப்பு

தினமும் அணியும் முன் பட்டைகளின் தையல், கொக்கிகள், கேபிள் இருந்தால் அதன் நூல் பிரிதல், சட்டத்தில் விரிசல் ஆகியவற்றைப் பாருங்கள். உயரத்திலிருந்து கீழே விழுந்த கருவியைச் சோதிக்காமல் அணியக் கூடாது. கான்கிரீட் தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், கையேடு சொல்லாத எண்ணெயை மூட்டுகளில் விடாதீர்கள். கேஸ் ஸ்பிரிங்கைத் திறக்க முயலவே வேண்டாம். உடம்பில் படும் மெத்தைகளைக் கழற்றித் துவைக்கலாம். பலர் மாற்றி மாற்றி அணியும் இடத்தில் ஆளுக்கொரு மெத்தை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அடுத்தவர் வியர்வை ஊறியதை யாரும் விரும்பி அணிய மாட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து எந்தக் கருவி அலமாரியை விட்டு வெளியே வரவே இல்லை என்று பாருங்கள். அதை அணிந்தவரிடம் போய், எங்கே உரசியது, எங்கே சிக்கியது, எந்த வேலையில் கழற்றத் தோன்றியது என்று கேளுங்கள். பாதிக் குறைகள் பெல்ட்டை ஒரு அங்குலம் இறக்கினாலோ தாங்கலை ஒரு படி குறைத்தாலோ தீரும். மற்றவை அந்த வேலைக்கு இது பொருந்தாது என்று சொல்லும். அவற்றுக்குத் தாங்குகோலும் உயரமான மேடையும் ஏற்பாடு செய்யுங்கள்.